சாராவின் முகத்தில் சோகமா?

வணக்கம் மக்களே. திரையில் தெரியும் படத்தை நன்றாகப் பாருங்கள். 1862 செப்டம்பர் 15, லண்டனில் புகைப்படக்காரர் கமீல் சில்வியின் ஸ்டுடியோவில் எடுத்தது. நிற்பவர் சாரா ஃபோர்ப்ஸ் பொனெட்டா. வயது சுமார் 19. கல்யாணமாகி ஒரு மாதம்தான் ஆகிறது.

இவர் பிறந்தது இன்றைய நைஜீரியாவின் தென்மேற்கில். பக்கத்தில் இருந்த தகோமி நாட்டுப் (இன்றைய பெனின்) படை பெற்றோரைக் கொன்று, சிறுமியைப் பிடித்துப் போனது. 1850-இல் தகோமி மன்னர் கெசோ, அங்கே வந்த பிரிட்டிஷ் கடற்படை கேப்டன் ஃபோர்ப்ஸிடம், விக்டோரியா ராணிக்குப் பரிசாக இவரைக் கொடுத்துவிட்டார். ஆமாம், குழந்தையையே பரிசாக! கேப்டனின் பெயரும் அவர் கப்பல் பொனெட்டாவின் பெயரும்தான் இவருக்கு ஒட்டிக்கொண்டன.

ராணி செலவை ஏற்றுக்கொண்டார். இங்கிலாந்துக் குளிர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று 1851-இல் சியரா லியோனின் ஃப்ரீடவுனுக்கு அனுப்பினார்கள், 1855-இல் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். எங்கே இருக்க விருப்பம் என்று அந்தப் பிள்ளையிடம் யார் கேட்டார்கள்?

சரி, படத்துக்கு வருவோம். அந்தச் சமயம் விசிட்டிங் கார்டு அளவுப் படங்கள் மேல் லண்டனுக்கே பைத்தியம். ஒரே கண்ணாடித் தகட்டில் பல படங்கள் எடுத்து, முட்டை வெள்ளைக்கரு பூசிய தாளில் அச்சிட்டு, வெட்டி அட்டையில் ஒட்டுவார்கள். தகட்டில் பூசிய கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவம் காய்வதற்குள் எல்லாம் முடிய வேண்டும். எதிரே நிற்பவர் சில நொடி அசையக் கூடாது. சிரிப்பு எங்கிருந்து வரும்? "பாவம், முகத்தில் எவ்வளவு சோகம்" என்று உருகும் வீடியோக்களை நான் நம்புவதில்லை. அந்தக் காலப் படங்களில் டியூக்கும் அப்படித்தான் விறைப்பாக நிற்பார்.

சாராவின் மனசு தெரிய வேண்டுமானால் கடிதத்தைத்தான் பார்க்க வேண்டும். லாகோஸ் வியாபாரி ஜேம்ஸ் டேவிஸ் பெண் கேட்டபோது முதலில் மறுத்தார். டேவிஸ் மனைவியை இழந்தவர், வசதியானவர். பணத்துக்காக என் நிம்மதியை விற்கவா என்று சாரா எழுதினார். சாராவை இங்கிலாந்தின் கடற்கரை ஊரான பிரைட்டனில் வயதான இரு பெண்மணிகளின் வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள், அந்த வீடும் அவருக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் 1862 ஆகஸ்டில் அதே ஊரில், அதே டேவிஸோடுதான் கல்யாணம்.

அப்புறம் ஆப்பிரிக்கா. மூத்த மகளுக்கு விக்டோரியா என்றே பெயர், ராணிதான் ஞானத்தாய். காசநோய் முற்றியபோது மருத்துவத்துக்காக அட்லாண்டிக் கடலில் உள்ள மடெய்ரா தீவுக்கு இன்னொரு கடல் பயணம். 1880-இல் அங்கேயே இறந்தார்.

சில்வி எடுத்த படங்கள் லண்டன் தேசிய உருவப்படக் காட்சியகத்தில் இருக்கின்றன, இணையத்திலும் பார்க்கலாம். கணவரோடு இருப்பதையும் தனியாக இருப்பதையும் அடுத்தடுத்து பாருங்கள். என்ன தோன்றுகிறது என்று கமெண்டில் போடுங்கள்.