அலுமாரியில இருக்கிற கப்

நடுவர் ஐயா, இந்த மழையிலயும் வெள்ளவத்தை ட்ராபிக்க தாண்டி வந்து இருக்கிற எல்லாருக்கும் வணக்கம். இளம் வீரருக்கு முக்கியம் பதக்கமா உடம்பா எண்டதுதான் தலைப்பு, நான் உடம்பு பக்கம்.

எதிரணி அண்ணா இப்ப சொல்லிட்டுப் போனாரு, 18 வயசுல முழங்கால் வீங்கியிருக்கேக்க வலிக்கு ஊசி போட்டுட்டு ஓடி கப் எடுத்தாராம், அது இன்னும் வீட்டு அலுமாரியில இருக்காம். கை தட்டினீங்க, நானும் தட்டினன், ஏன் பொய் சொல்லுவான். ஆனா அண்ணா, ஊசி வலியத்தான் மறைக்கும், கிழிஞ்ச ஜவ்வ தைக்காது, வலி தெரியாம ஓட ஓட அது இன்னும்தான் கிழியும்.

ஜெயிச்சவங்களத்தான் உலகம் ஞாபகம் வச்சிருக்கும் எண்டும் சொன்னாரு. சரி, 2000 சிட்னி ஒலிம்பிக், பெண்கள் 200 மீற்றர். அமெரிக்காட மரியன் ஜோன்ஸ் முதலாவது, நம்ம இலங்கை சுசந்திகா ஜயசிங்க 22.28 செக்கன்ல மூண்டாவது, ரெண்டாவது ஆளுக்கும் அவங்களுக்கும் செக்கன்ல நூறுல ஒரு பங்குதான் வித்தியாசம். 2007ல ஜோன்ஸ் அழுது அழுது ஊக்கமருந்து எடுத்தத ஒத்துக்கொண்டாங்க, மெடல் எல்லாம் போச்சு, பிறகு நம்மாளுட வெண்கலம் வெள்ளியாச்சு. ஜோன்ஸையும் உலகம் ஞாபகம் வச்சிருக்குதுதான், எதுக்கு எண்டு அண்ணாவே சொல்லட்டும்.

மருந்து எடுக்காட்டி மட்டும் போதுமா, அதுவும் இல்ல. கொழும்புல உச்சி வெயில்ல ஓட்டப் போட்டி வைப்பாங்க, காத்து முழுக்க ஈரம், வேர்வை காயாது, வேர்வை காயாட்டி உடம்புச் சூடு இறங்காது, பிள்ளை தலை சுத்தி விழுந்தா "காலைல சாப்பிடல்லையா" எண்டு ஏச்சும் அதுக்குத்தான். எனக்கு நடந்தது இது. 400 மீற்றர் பைனலுக்கு முன்னால தண்ணி கேட்டன், "குடிச்சா வயிறு பாரம், ஓடேலாது" எண்டார் கோச். கடைசி வளைவுல கண் இருட்டிட்டுது. பக்கத்து லேன்ல ஓடினவ வேற ஸ்கூல் பிள்ளை, என்ன தோற்கடிக்கவே வந்தவ, தன்ட ஓட்டத்த விட்டுட்டு வந்து என்ட கையப் புடிச்சா, அவட மெடலும் அதோட போச்சு. இண்டைக்கும் காலைல கோல்பேஸ் கடற்கரையில நாங்க ரெண்டு பேரும்தான் ஓடுறம், நான் அவள இன்னும் ஒருக்காவும் முந்தல்ல, அது வேற கதை.

மணி அடிச்சிட்டீங்க ஐயா, ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டு இறங்கிடுறன். அண்ணா, இந்த மேடைக்கு வெறும் நாலு படி, கைப்பிடியப் புடிச்சுப் புடிச்சுத்தானே ஏறினீங்க, அது கப் எடுத்த முழங்காலா, மத்ததா?