ஏரிக்கரையில் ஒரு சாண் தண்ணீர்

பெருமதிப்பிற்குரிய ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, வனச்சரக அலுவலர் அவர்களே, நீர்வளத்துறைப் பொறியாளர் பெருமக்களே, பிள்ளைகளைப் பந்தல் நிழலில் உட்கார வைத்த தலைமையாசிரியர் அம்மா அவர்களே, வடுவூர்ப் பெரியோர்களே, வணக்கம்.

மூன்று செய்தி சொல்ல வந்திருக்கிறேன்: நீரோரச் சேற்றில் மேயும் சிறு கரைப்பறவைகளான உள்ளான்களை அடையாளம் காண்பது, அவற்றுக்கு வேண்டிய தண்ணீர், வலசைப் பாதை.

'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்பார்கள். கரைப்பறவைக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கொசு உள்ளானுக்கு ஒரு விரற்கடைத் தண்ணீர் போதும். பெரிய கரைப்பறவையான கருவால் மூக்கன்கூட ஒரு சாணுக்கு மேல் இறங்கி மேயாது.

காலையில் கிழக்குக் கரையில் நில்லுங்கள், வெயில் முதுகுப்பக்கம் விழும். எதிர்வெயிலில் எல்லா உள்ளானும் கறுப்புதான். வாலை ஆட்டிக்கொண்டே நடந்தால், தோளோரம் வெள்ளை ஏறியிருந்தால், அது சாதாரண உள்ளான். முதுகில் வெள்ளைப் பொறி, கண்ணுக்கு மேல் வெள்ளைப் பட்டை என்றால் பொறி உள்ளான்.

காலின் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். இரண்டு நண்பர்கள் ஒரே பறவையைப் பார்த்துச் சண்டை போட்ட கதை உண்டு. 'கால் மஞ்சள், இது டெம்மிங்க் உள்ளான்' என்றார் ஒருவர். 'கொசு உள்ளானேதான், கால் கறுப்பு' என்றார் மற்றவர். பைனாகுலர் கை மாறியது, புத்தகம் கை மாறியது, கொண்டுவந்த புளிச்சோறு ஆறியது, பேச்சுவார்த்தையும் நின்றது. அந்தப் பறவையோ மெதுவாகத் தண்ணீருக்குள் நடந்து போய்த் திரும்பி வந்தது. காலில் காய்ந்திருந்த களிமண் கரைந்து, கன்னங்கரேலென்று கால்! சேற்றோடு சண்டை போட்டிருக்கிறார்கள் ஐயா!

அந்தச் சேற்றைப் பற்றித்தான் பொறியாளர் ஐயாவிடம் பேச வேண்டும். கோடியக்கரை 2002-லும், வடுவூரும் உதயமார்த்தாண்டபுரமும் 2022-லும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் ஏறின. பெருமைதான். ஆனால் வண்டல் அள்ளும்போது பொக்லைன் கரையடி வரைக்கும் செங்குத்தாக வெட்டிவிட்டால் என்ன ஆகும்? கணக்கு எளிது. ஓரடி சரிவுக்கு இருபதடி நீளம் விட்டால், தண்ணீர் ஓரடி வற்றும்போது இருபதடிச் சேறு வெளிப்படும். செங்குத்தாக வெட்டினால் ஒன்றும் வெளிப்படாது. புழு சேற்றில்தான் இருக்கிறது, உள்ளான் அங்கேதான் நிற்கும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது பொக்லைனுக்கும் பொருந்தும். வண்டல் வேண்டுமென்றால் ஏரியின் நடுவில் அள்ளுங்கள், வயலுக்கும் அதுவே போதும்.

நேரமாகிவிட்டதென்று தலைவர் சீட்டு அனுப்புகிறார். வலசைப் பாதையை இன்னொரு மேடைக்கு வைத்துக்கொள்வோம். கரையோரச் சரிவை வண்டல் அள்ளும் வேலையின் மதிப்பீட்டிலேயே எழுத வேண்டும் என்ற தீர்மானத்துக்குக் கையைத் தூக்குங்கள். பின்வரிசையிலும் தூக்குங்கள், எண்ண வேண்டும். நன்றி, வணக்கம்.