சுல்லி மாளிகையில் இப்போ நிக்கிறது அசலா? – உங்க சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி. பாரிஸ்ல, மாரே பகுதியில இருக்கிற சுல்லி மாளிகை வீடியோவைப் பார்த்துட்டு ஒரு நண்பர் கேட்டிருக்காங்க: "1862லயே பாதுகாக்கப்பட்ட சின்னமா அறிவிச்சாங்கன்னு சொன்னீங்க. அப்போ இன்னைக்கு நிக்கிறது 1630 வாக்குல கட்டி முடிச்ச அதே வீடுதானா?"

பெரும்பகுதி அதேதாங்க. தெருவைப் பார்த்த முகப்புலதான் விஷயம் இருக்கு.

1620கள்ல மெம் காலேங்கிற நிதி அதிகாரிக்காக ஆரம்பிச்ச வீடு இது. வடிவமைச்சவர் ழான் ஆந்த்ருவே து செர்சோன்னு பொதுவா சொல்லுவாங்க. பிரான்ஸ் மன்னர் நான்காம் ஹென்றியோட நிதிப் பொறுப்பைப் பார்த்த சுல்லி பிரபு 1634லதான் இதை வாங்குறார். அப்போ அவருக்கு எழுபது வயசு தாண்டியாச்சு.

இப்போ அமைப்பைக் கவனிங்க. குடியிருக்கிற பிரதான கட்டடம் தெருவுல இல்லை, உள்ளே தள்ளி நிக்குது. முன்னாடி முற்றம், பின்னாடி தோட்டம். தெருவோரம் ரெண்டு உயரமான கட்டடம், நடுவுல தாழ்வா ஒரு வாசல், அதுக்கு மேல திறந்த மாடம். வாசல் தாழ்வா இருக்கறதாலதான் ரெண்டுக்கும் நடுவுல வானம் தெரியுது, முற்றத்துக்கு வெளிச்சம் வருது.

அந்த இடைவெளியைப் பின்னாடி வந்தவங்க கட்டி அடைச்சுட்டாங்க. 19ஆம் நூற்றாண்டுல மாளிகை முழுக்கக் கடையும் வாடகைக் குடியிருப்புமா ஆயிடுச்சு. மாளிகை நிக்கிற செந்த் அந்துவான் வீதி நல்ல வியாபாரம் நடக்கிற தெரு. அங்க காலி இடத்தை யார் சும்மா விடுவாங்க?

பாதுகாக்கப்பட்ட சின்னத்துல இதெல்லாம் எப்படி விட்டாங்கன்னு தோணும். 1862ல பட்டியல்ல பேர் சேர்க்கிறதுக்குப் பின்னாடி சட்டம் எதுவும் கிடையாதுங்க. முதல் சட்டமே 1887லதான் வருது. இன்னைக்கு இருக்கிற பாதுகாப்புக்கு அடித்தளம் போட்டது 1913 சட்டம். அதுவரைக்கும் உரிமையாளரோட மனசுதான் பாதுகாப்பு!

1944ல அரசு வாங்கி, நீண்ட காலம் சீரமைச்சாங்க. அப்போ வாசலுக்கு மேல இருந்த அடைப்பை எடுத்துட்டாங்க. ஆக நீங்க இப்போ பார்க்கிற திறந்த முகப்பு, 20ஆம் நூற்றாண்டுல மீட்டுக் கொண்டுவந்தது.

இது சரியா? பழைய கட்டடங்களைப் பாதுகாக்கிறதுக்கான சர்வதேச வழிகாட்டியான 1964 வெனிஸ் சாசனம், ஒரு கட்டடத்துல எல்லாக் காலமும் விட்டுட்டுப் போனதை மதிக்கணும்னு சொல்லுது. எனக்கும் பொதுவா அதுதான் கருத்து. பழசுக்குத் திருப்புறோம்னு நடுவுல வந்ததையெல்லாம் இடிக்கிறதை நான் ஏத்துக்க மாட்டேன். ஆனா இங்க அந்த இடைவெளிதான் வடிவமைப்போட உயிர். அதை மூடினா முற்றத்துக்கே அர்த்தம் போயிடும். அதனால எடுத்தது சரின்னுதான் நான் உறுதியா நினைக்கிறேன்.

அதே நேரம் தோட்டத்துப் பக்கம் பாருங்க. 1660கள்ல சுல்லியோட பேரன் சேர்த்த பக்கக் கட்டடத்தை அப்படியே வெச்சிருக்காங்க. அதுவும் 'அசல்' கிடையாது, ஆனா அந்த வீட்டோட வாழ்க்கையில வளர்ந்தது.

போறவங்க முற்றத்துச் சுவர்ல இருக்கிற பருவங்கள், நம்ம பஞ்சபூதம் மாதிரி ஐரோப்பியர்கள் சொல்ற நாலு பூதங்கள், இந்தப் புடைப்புச் சிற்பங்களை நின்னு பாருங்க. எல்லாம் முற்றத்துலயே இருக்காது, மிச்சத்தைத் தோட்டத்துப் பக்கச் சுவர்ல தேடணும். தோட்டத்து மூலையில ஒரு சின்ன வாசல் இருக்கு, அது நேரா பக்கத்துல இருக்கிற வோஜ் சதுக்கத்துல கொண்டு விடும்.