மாஸ்க் வரும் நேரத்தில் கையில் ஒரு விளையாட்டு

அனைவருக்கும் வணக்கம். குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் நான். "பிள்ளை கையில் செல்போன் கொடுக்காதீர்கள்" என்றுதான் டாக்டர்கள் மேடைக்கு மேடை பேசுவார்கள். நான் கொடுக்கச் சொல்ல வந்திருக்கிறேன். ஆபரேஷன் அன்று மட்டும், ஒரு மணி நேரத்துக்கு.

டான்சில் எடுக்க வந்திருக்கும் ஐந்து வயதுப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். சாப்பாட்டை ஆறு மணி நேரத்துக்கு முன்பே நிறுத்தியாயிற்று. நல்ல பசி. சொந்தச் சட்டையைக் கழற்றிவிட்டு முதுகில் நாடா கட்டுகிற கவுனை மாட்டிவிட்டார்கள். "ஒண்ணுமில்ல கண்ணு" என்கிறாள் அம்மா. அம்மாவின் முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. இந்தப் பயம் இரண்டு இடங்களில் உச்சத்துக்குப் போகும். அம்மாவை விட்டுவிட்டுத் தியேட்டர் கதவுக்குள் நுழையும்போது, அப்புறம் மயக்க வாயு தரும் மாஸ்க் மூக்கருகே வரும்போது.

"கொஞ்ச நேரம் அழும், மயங்கினால் சரியாகிவிடும்" என்று பெரியவர்கள் சமாதானம் சொல்வார்கள். அப்படிச் சரியாகிவிடுவதில்லை. அமெரிக்க மயக்கவியல் நிபுணர் ஸீவ் கெயினின் குழு, டான்சில், அடினாய்டு (மூக்குக்குப் பின்னால் இருக்கும் சதை) ஆபரேஷன் செய்துகொண்ட 241 குழந்தைகளைக் கவனித்து 2006இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. முன்பே பதறிய பிள்ளைகளுக்கு வீட்டுக்குப் போன பிறகும் வலி கூடுதலாக இருந்தது. மயக்கம் தெளியும்போது ஆள் தெரியாமல் கத்திப் புரள்வதை நீங்கள் பார்த்திருக்கலாம். பதறியவர்களில் 9.7 சதவீதம் பேருக்கு அது வந்தது. அமைதியாக இருந்தவர்களில் 1.5 சதவீதம்தான்.

பயத்தை எப்படி அளப்பது என்று கேட்பீர்கள். யேல் பல்கலைக்கழகத்தில் அதே கெயின் குழு உருவாக்கிய அளவுகோல் ஒன்று இருக்கிறது. குழந்தையிடம் எதுவும் கேட்பதில்லை. என்ன செய்கிறது, என்ன சத்தம் போடுகிறது, முகம் எப்படி இருக்கிறது, எவ்வளவு மிரண்டிருக்கிறது, பெற்றோரை எப்படிப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று ஐந்து விஷயங்களைப் பார்த்தே மதிப்பெண் போடுவார்கள். ஏறக்குறைய 23இல் தொடங்கி 100 வரை போகும்.

இந்த அளவுகோலை வைத்து நியூஜெர்சியில் நடந்த ஆய்வு 2006இல் வெளிவந்தது. 4 முதல் 12 வயது வரை 112 குழந்தைகள், மூன்று குழுக்கள். முதல் குழுவுக்குப் பெற்றோர் துணை மட்டும். இரண்டாவதற்குப் பெற்றோருடன் மிடசோலாம் என்ற பதற்றம் தணிக்கும் மருந்து. மூன்றாவதற்குப் பெற்றோருடன் கையடக்க வீடியோ கேம். மாஸ்க் வைத்த பிறகும் பயம் கூடாமல் இருந்தவர்கள், அல்லது குறைந்தவர்கள், கேம் குழுவில் 63 சதவீதம். மருந்துக் குழுவில் 26, பெற்றோர் மட்டும் இருந்ததில் 28. மருந்தை விட விளையாட்டு ஜெயித்ததா என்று முதலில் எனக்கும் நம்பிக்கை வரவில்லை.

பெற்றோருக்குக் கொஞ்சம் வருத்தமாக இருக்கும், ஆனாலும் சொல்கிறேன். நீங்கள் கூட நிற்பது மட்டுமே பதற்றத்தைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்று பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2015 தொகுப்பாய்வும் சொல்கிறது. அம்மா பயந்தால் பிள்ளைக்கும் அது தொற்றிக்கொள்ளும் என்பது என் எண்ணம்.

சரி, கேம் என்ன செய்கிறது? அன்று முழுக்கப் பிள்ளையின் உடம்பு அதன் சொல் கேட்கவில்லை. படு, கையை நீட்டு, வாயைத் திற என்று எல்லாம் மற்றவர் சொல்வதுதான். அந்தச் சின்னத் திரை மட்டும் அது சொன்னபடி நடக்கிறது. மாஸ்க்கைக் கொண்டுபோகும்போது நான் பார்ப்பது விரல்களைத்தான். வேகமாகத் தட்டிக்கொண்டே இருக்கும், பிறகு இடம் தவறித் தட்டும். கண் திரையில் இருக்கும், இமை கனக்கும். போன் நெஞ்சில் சரியும்போது நர்ஸ் பிடித்துக்கொள்வார்.

தென்கொரியாவில், சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தின் புந்தாங் மருத்துவமனையில் வேறு வழியாகப் போனார்கள். அங்கே பிள்ளைகளின் செல்லமான பொரோரோ என்ற குட்டிப் பெங்குவின், வி.ஆர். கண்ணாடிக்குள், அதாவது மாட்டிக்கொண்டால் அந்த இடத்திலேயே இருப்பது போலக் காட்டும் கண்ணாடிக்குள் வந்து தியேட்டரைச் சுற்றிக் காட்டும். நான்கு நிமிடம்தான். 2017இல் வெளியான அந்த ஆய்விலும் பார்த்த பிள்ளைகளின் பதற்றம் தெளிவாகக் குறைந்தது. அமெரிக்காவின் ஸ்டான்போர்டில் மாஸ்க்கையே விளையாட்டுக்குள் இழுத்துவிட்டார்கள். பிள்ளை மூச்சு விட விட, செவோ என்ற டிராகன் தீ கக்கிச் சமைக்கும். நாங்கள் மாஸ்க்கில் விடும் வாயு செவோஃப்ளுரேன். டிராகனுக்குப் பேர் வைத்தவர் நிச்சயம் மயக்க மருந்துக்காரர்தான்.

இதெல்லாம் எல்லாப் பிள்ளைக்கும் சரிவராது. ரொம்ப மிரளும் பிள்ளைக்கு மருந்து வேண்டும், அதில் தயக்கம் வேண்டாம். புதிய கேம் இறக்கிக் கொடுக்காதீர்கள். பழகியது, தோற்றால் கோபம் வராதது போதும். போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். இல்லையென்றால் அந்த நேரம் பார்த்துப் பெரியப்பா கூப்பிடுவார். இன்னொன்று, "போட்டோ எடுக்கத்தான் போறோம்" என்று பொய் சொல்லிவிட்டுக் கேமைக் கொடுத்தால் பிள்ளை அடுத்த முறை உங்களையும் நம்பாது, கேமையும் நம்பாது. என்ன நடக்கும் என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள்.

ஆபரேஷனுக்கு முன் மயக்க மருந்து டாக்டர் வந்து பார்ப்பார். சளி இருக்கிறதா, பல் ஆடுகிறதா என்று கேட்பார். நீங்களும் அவரிடம் கேளுங்கள்: போன் எதுவரை உள்ளே வரலாம்? சில இடங்களில் கதவுவரைதான் விடுவார்கள். அதற்கும் சரி என்று சொல்லி, கதவருகே போனைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். கதவைத் தாண்டிய பிறகு பேச்சுக் கொடுத்துப் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை.