லெ மூலில் ஒரு சனிக்கிழமை

நேயர்களுக்கு வணக்கம்.

குவாடலூப் என்ற தீவை உலகப் படத்தில் கொஞ்சம் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கரீபியன் கடலில், வண்ணத்துப்பூச்சி சிறகை விரித்து உட்கார்ந்ததுபோல இரண்டு பாதியாகக் கிடக்கும் தீவு அது. 1946 முதல் பிரான்ஸின் ஒரு மாவட்டம். கையில் புழங்குவது யூரோ, ஆட்சிமொழி பிரெஞ்சு, வீட்டில் பேசுவது, பிரெஞ்சும் ஆப்பிரிக்க மொழிகளும் கலந்து பிறந்த கிரியோல். அதன் கிழக்குப் பாதியில் கடலோரமாக லெ மூல் என்று ஒரு ஊர். சுற்றிலும் கரும்புத் தோட்டம். கார்தெல் சர்க்கரை ஆலை இன்றும் அங்கே ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்த ஊரில் ஒரு ஜூலை மாதச் சனிக்கிழமை நடந்த கல்யாணத்தைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன். நான் புதுச்சேரியில் பல வருடம் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தவன். மாப்பிள்ளையின் அத்தை அங்கே பள்ளி ஆசிரியை. கடிதம் வழியாகத் தொடங்கிய பழக்கம், கல்யாணப் பத்திரிகை வரைக்கும் வந்தது.

மாப்பிள்ளை வீட்டார் தமிழ் வம்சம். பெண் வீட்டார் ஆப்பிரிக்க வம்சம். இரண்டு பேருக்கும் பாரீசில் வேலை. அந்தத் தீவில் பாதிக் குடும்பம் பாரீசில் இல்லாத வீடு குறைவு. 1963இலிருந்து 1981 வரை அரசே ஓர் அலுவலகம் வைத்து அங்கிருந்து ஆட்களைப் பிரான்ஸுக்கு வேலைக்கு அனுப்பிவைத்தது. அதனால் ஜூலை, ஆகஸ்ட் வந்து எல்லோரும் ஊர் திரும்பிய பிறகுதான் கல்யாணம் களைகட்டும்.

பிரெஞ்சுச் சட்டப்படி முதலில் நகராட்சி மண்டபத்தில் பதிவுத் திருமணம் முடிய வேண்டும். அது முடியாமல் பாதிரியார் தேவாலயத்தில் கல்யாணம் நடத்திவைக்கக் கூடாது. ஆகவே காலையில் எல்லோரும் நகராட்சிக்குப் போனோம். மூவண்ணப் பட்டை அணிந்த துணை மேயர், கணவன் மனைவி ஒருவரையொருவர் மதிக்க வேண்டும், உண்மையாய் இருக்க வேண்டும் என்று தொடங்கும் சட்டப் பிரிவுகளை வாசித்தார். அதற்கு முன்னால், இருவரின் முழுப் பெயரையும் உரக்கச் சொன்னார்.

மாப்பிள்ளையின் குடும்பப் பெயர் ஒரு முழுத் தமிழ்ப் பெயர். யாருடைய பெயர் என்று இங்கே சொல்லவில்லை. ராமசாமி, முத்துசாமி, வீரப்பன் மாதிரி ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சு எழுத்தில் நீண்டு, கடைசி அசையில் அழுத்தம் விழுந்து, எங்கள் தெருவில் கேட்கிற பெயர் வேறொரு மெட்டில் காதில் விழுந்தது. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அந்தப் பெயர் அங்கே எப்படி வந்தது என்று சொல்கிறேன். 1848இல் பிரான்ஸ் தன் தீவுகளில் அடிமை முறையை ஒழித்தது. தோட்டத்துக்கு ஆள் பற்றவில்லை. புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றினார்கள். 'ஒரேலி' என்ற கப்பல் 1854 கிறிஸ்துமஸ் சமயத்தில் குவாடலூப் கரையைத் தொட்டது. அடுத்த சுமார் 35 ஆண்டுகளில் 42,000 பேருக்கு மேல் போனார்கள். இறங்கியதும் ஒரு குமாஸ்தா பெயரை எழுதி, எண்ணும் கொடுப்பார். நம்மிடம் குடும்பப் பெயர் கிடையாது அல்லவா? வந்தவர் சொன்ன தன் சொந்தப் பெயரே, அவர் பிள்ளைகளுக்கும் பேரப் பிள்ளைகளுக்கும் குடும்பப் பெயராக நின்றுவிட்டது.

சரி, பெண்ணின் பெயர்? அதுவும் ஒரு குமாஸ்தாவின் மேஜையிலிருந்து வந்ததுதான். அடிமையாய் இருந்தவர்களுக்குக் குடும்பப் பெயர் இருந்ததில்லை. விடுதலைக்குப் பின் ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர் கொடுத்து 'புதிதாய் விடுதலையானோர்' பதிவேட்டில் எழுதினார்கள். வேறு பெயர்களின் எழுத்துகளை மாற்றிப் போட்டும், ஊர்ப் பெயரை வைத்தும் உண்டாக்கிய பெயர்கள் பல. அதற்கு முன்பு, 1685இல் வந்த அடிமைச் சட்டத்தின்படி, எஜமானன் சம்மதிக்காமல் ஓர் அடிமை கல்யாணம் கூடச் செய்துகொள்ள முடியாது. வந்து சேர்ந்த தமிழர்களின் வம்சத்துக்கும் உரிமைகள் சும்மா வரவில்லை. அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு ஓட்டுரிமை கேட்டு ஹென்றி சிதம்பரம் என்பவர் 1904இல் வழக்காடத் தொடங்கினார். 1923இல்தான் கிடைத்தது.

இதெல்லாம் தெரிந்து அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருந்தவனுக்கு, இரண்டு பெயரும் அடுத்தடுத்து ஒலித்தது வெறும் சடங்காகப் படவில்லை. வெள்ளை கவுன், கார் வரிசை, பூங்கொத்து என்று அந்த ஊர்க்காரர்கள் கல்யாணத்துக்குச் செலவழிப்பதைப் பார்த்து ஆடம்பரம் என்பவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்லமாட்டேன். ஊரறிய, முழுப் பெயரோடு, தன் இஷ்டப்படி கல்யாணம் செய்வது அவர்களுக்குப் பாடுபட்டுக் கிடைத்த விஷயம்.

சாயங்காலம் புனித யோவான் தேவாலயத்தில் பூசை. முகப்பில் பெரிய தூண்கள் வைத்துக் கட்டிய பழைய கோயில் அது. ஜெபம் பிரெஞ்சில், பாட்டுப் பாதி கிரியோலில். காணிக்கை நேரத்தில் இரண்டு பேர் 'கா' மேளம் வாசித்தார்கள். பீப்பாயில் ஆட்டுத்தோல் கட்டிய மேளம் அது. அடிமைகளின் மேளம் என்று ஒரு காலத்தில் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்திவைத்திருந்தார்கள். பெண்ணின் தாத்தா கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போட்டார்.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். வியாழக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் என்னைத் தங்கள் வீட்டு முற்றத்துக் கோயிலுக்கு அழைத்துப் போனார்கள். வண்ணக் கொடிகள் கட்டிய சின்னக் கோயில். 'மாலியெமென்' என்கிறார்கள், நம் மாரியம்மன். கற்பூரம் காட்டி, வேப்பிலை வைத்துக் கும்பிட்டுவிட்டு, சனிக்கிழமை அதே மனதோடு நற்கருணை வாங்கினார்கள். அவர்களுக்கு அதில் எந்தச் சங்கடமும் இல்லை.

அப்புறம் விருந்து. கடலோரமாகப் பந்தல். முதலில் நின்றபடி குடிக்க ரம், எலுமிச்சை, சர்க்கரை. அவரவர் கிளாசை அவரவரே கலந்துகொள்ள வேண்டும், அதுதான் வழக்கம். தட்டில் உப்புக் கருவாட்டு வடை. 'அக்ரா' என்று பெயர், சூடாக இருக்கும்போதே தீர்ந்துவிடும். பிறகு பெரிய பாத்திரங்களில் சோறும் வெள்ளாட்டுக் 'கொலொம்போ'வும். கொத்தமல்லி, சீரகம், மஞ்சள், கடுகு, வெந்தயம், மிளகு அரைத்த பொடியில் வேகும் குழம்பு. குழம்பு என்ற சொல்தான் கொலொம்போ ஆனது என்கிறார்கள் சிலர்; கொழும்பு நகரம்தான் காரணம் என்கிறார்கள் சிலர். பொடியை மாப்பிள்ளையின் பாட்டி வீட்டிலேயே வறுத்து, அம்மியில் அரைத்திருந்தார். குழம்புச் சோற்றை ஒரு பிடி எடுத்து வாயில் வைத்ததும், புளிக்குப் பதில் மாங்காய்ப் புளிப்பு தட்டியது. இன்று குவாடலூப்பில் எந்த வம்சத்தார் வீட்டுக் கல்யாணமானாலும் கொலொம்போ இல்லாமல் பந்தி இல்லை. பெண் வீட்டுக்காரர்கள்தான் என்னைவிட உரிமையோடு, “மசாலா இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாம்” என்று விவாதித்துக்கொண்டிருந்தார்கள்.

நடு இரவு தாண்டி, அந்தத் தீவுகளின் ஸூக் என்ற நடன இசைக்கு ஆடி ஓய்ந்த பிறகு, கல்யாணக் கேக்கோடு 'ஷோதோ' வந்தது. பாலும் முட்டையும் சேர்த்து, பட்டை, வனிலா, ஜாதிக்காய், எலுமிச்சைத் தோல் போட்டு, திரிந்துவிடாமல் கிளறிக்கொண்டே காய்ச்சும் பானம். ஞானஸ்நானம், புதுநன்மை என்கிற முதல் நற்கருணை, கல்யாணம் மூன்றுக்கும் அது வேண்டும். பஞ்சுபோல் அடித்துச் செய்த கேக்கை அதில் தோய்த்துச் சாப்பிட வேண்டும்.

பாட்டி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கட்டம் போட்ட மதராஸ் துணியில் தலைப்பாகை, கழுத்தில் பொன்மணி மாலை. உன் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார். எனக்கு அப்படி ஒன்று கிடையாது, என் பெயருக்கு முன்னால் இருக்கிற எழுத்து அப்பாவின் பெயர், என் மகளுக்கு முன்னால் என் பெயர் என்றேன். இரண்டு முறை திருப்பிச் சொல்லச் சொன்னார்.

“அப்படியானால் உங்களிடம் பெயர் மாறிக்கொண்டே வருகிறது. எங்களிடம் அந்த ஒருத்தரேதான் இருக்கிறார்” என்றார்.

கப்பலில் வந்த அந்த ஒருத்தருடைய பெயரைத் தமிழில் எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டார். சொன்னேன். மெதுவாகத் தானும் சொல்லிப் பார்த்தார். பேரனையும் புது மருமகளையும் கைதட்டிக் கூப்பிட்டார். அந்தப் பெண் ஷூவைக் கழற்றிவிட்டு, கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு வந்தாள். பிறக்கிற பிள்ளைக்கு இரண்டு பெயரையும் சேர்த்துத்தான் வைக்கப் போகிறோம், 2005 முதல் சட்டம் அதற்கு இடம் தருகிறது என்றாள். பிறகு பாட்டி சொன்னதைக் கேட்டுத் தானும் சொன்னாள். மூன்றாவது தடவையில் ழகரம் சரியாக வந்துவிட்டது.