ஒரு ஜோடி மேற்கோள் குறிக்கு இரண்டு மணி நேரம்

வணக்கம். மேசை வழக்கம்போலக் குப்பையாகத்தான் கிடக்கிறது, அதைப் பற்றிக் கருத்து எழுத வேண்டாம். நேற்றிரவு நடந்ததைக் கொட்டித் தீர்க்காமல் எனக்கு வேறு வேலை ஓடாது.

என்னிடம் 14 சர்வர்கள். ஒவ்வொன்றாக உள்ளே போய் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) அமைப்புக் கோப்பைக் கையால் திருத்துவது எனக்கு எவ்வளவு வெறுப்பு என்று உங்களுக்குத் தெரியும். பன்னிரண்டாவதில் ஒரு வரியை விட்டுவிட்டு நான் முழித்த வீடியோவை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அதனால்தான் அன்சிபிள், எல்லாச் சர்வர்களையும் ஒரே இடத்திலிருந்து அமைக்கும் கருவி. டெம்ப்ளேட், அதாவது மாதிரிக் கோப்பு, ஒன்றே ஒன்று. மாறும் இடங்களில் மட்டும் இரட்டை நெளிவு அடைப்புக்குறிக்குள் ஒரு பெயர். மதிப்புகள் தனியாக யாமல் கோப்பில், அதாவது அமைப்புகளை எழுதும் எளிய உரை வடிவத்தில். ஓட்டினால் அன்சிபிள் பயன்படுத்தும் ஜின்ஜா என்ற டெம்ப்ளேட் நிரல் அந்த இடங்களை நிரப்பிக் கொடுத்துவிடும்.

எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனர் நேரடியாக நுழையக் கூடாதல்லவா? யாமலில் "நோ" என்று எழுதினேன். இரண்டே ஆங்கில எழுத்து. ஓட்டினால் பதினான்கும் சிவப்பு, அதாவது தோல்வி! யாமலில் வரியின் முன் இடைவெளி பிசகினாலே பிழை வரும், அதனால் எனக்கு இடைவெளி மீதுதான் சந்தேகம். இரண்டு மணி நேரம் இடைவெளி எண்ணினேன். கடைசியில் அன்சிபிளின் செக், டிஃப் என்ற இரண்டு விருப்பங்களையும் போட்டு, எதையும் மாற்றாமல் காட்ட மட்டும் சொன்னேன். "நோ" இருக்க வேண்டிய வரியில் "ஃபால்ஸ்" (பொய்) என்று உட்கார்ந்திருக்கிறது!

யாமலின் 1.1 பதிப்பு மேற்கோள் குறி இல்லாத "நோ"வைச் சொல்லாகப் பார்க்காது. உண்மையா பொய்யா என்கிற மதிப்பாக மாற்றிவிடும். நார்வேயின் நாட்டுக் குறியீடும் இதே இரண்டு எழுத்து என்பதால் "நார்வே சிக்கல்" என்றே இதற்குப் பெயர். 2009இல் வந்த 1.2 இதைக் கைவிட்டுவிட்டது. அன்சிபிள் இன்னும் பழையதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. எரிச்சலா வராது?

அடடா, முக்கியமானதை விட்டுவிட்டேன். ஏன் சிவப்பானது? டெம்ப்ளேட் பணியில் "வேலிடேட்" என்று ஒரு வரி போட்டிருந்தேன். புதுக் கோப்பை உரிய இடத்தில் வைக்கும் முன் சர்வரில் எஸ்எஸ்எச்சை நடத்தும் எஸ்எஸ்எச்டி நிரலிடமே கொடுத்துச் சோதிக்கும். அது "ஃபால்ஸ்" எனக்குத் தெரியாது என்று துப்பிவிட்டது. பழைய கோப்பு அப்படியே இருந்தது. அந்த வரி இல்லாமல் எஸ்எஸ்எச்டி மறுதொடக்கம் ஆகியிருந்தால், 14 வீட்டுக்கும் நானே பூட்டுப் போட்டுவிட்டு வாசலில் நின்றிருப்பேன்.

"நோ"வின் இரண்டு பக்கமும் மேற்கோள் குறி வைத்தேன். பதினான்கும் மஞ்சள், மாற்றியாயிற்று. மறுபடி ஓட்டினேன், பதினான்கும் பச்சை, மாற்ற ஒன்றுமில்லை. மூன்றாவது முறையும் ஓட்டினேன். தேவையே இல்லை, அந்தப் பச்சையைப் பார்க்கத்தான்.