ஐந்து இதழும் ஒரே திசையில்: ஹவாய்ப் பூப் பச்சைகள்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ஹவாய்ப் பூ என்றதும் எல்லார் கண்ணிலும் ஒரு சிவப்புச் செம்பருத்தி வந்து நிற்கும். எந்த டாட்டூ கடை ஆல்பத்திலும் அது இல்லாமல் இராது. அந்தச் செம்பருத்தி ஹவாய் மண்ணில் பிறந்ததல்ல. நம் வீட்டு வேலியோரம் நிற்கிற அதே சீனச் செம்பருத்திதான், அதன் கலப்பினங்கள்தான். அடுத்து வருவது ஈழத்தலரி, அதாவது ப்ளூமேரியா. அதன் தாயகம் மெக்சிகோவும் கரீபியத் தீவுகளும். 1860-இல் வில்லியம் ஹில்பிராண்ட் என்ற ஜெர்மானிய மருத்துவர் அதை ஹவாயின் தலைநகரான ஹொனலுலுவுக்குக் கொண்டுவந்தார். ஆந்தூரியம் 1889-இல் வந்தது. பறவைத் தலை போல இருக்கிற ஸ்ட்ரெலிட்சியா தென்னாப்பிரிக்காவின் பிள்ளை.

வந்த பூக்கள் என்பதால் அவற்றை ஒதுக்க வேண்டியதில்லை. ஈழத்தலரியை மாலையாகக் கோத்து, காதோரம் செருகி, ‘மெலியா’ என்று பேர் வைத்து ஹவாய் மக்கள் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். ஆனால் ‘மண்ணின் பூ’ என்று நம்பிக் குத்திக்கொள்ள வருபவருக்கு எது மண்ணின் பூ, எது வந்த பூ என்பதை ஊசி தொடுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

பொருள் விஷயத்துக்கு வருகிறேன். சிவப்பு என்றால் காதல், மஞ்சள் என்றால் நட்பு, வெள்ளை என்றால் தூய்மை என்று ஒரு பட்டியல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ரோஜாவுக்குச் சொன்னதைச் செம்பருத்தியின் தலையில் கட்டிய பட்டியல் அது. ஹவாய் மரபில் பூவுக்குப் பொருள் வருகிற வழி வேறு. அவர்களுடைய பாட்டிலும் பேச்சிலும் ‘கவோனா’ என்று ஒன்று உண்டு. மேலே ஒரு பொருள், உள்ளே மறைந்து இன்னொன்று. நம் இலக்கணக்காரர்கள் உள்ளுறை என்பார்களே, அதற்குப் பக்கத்தில் வைக்கலாம். ‘புவா’ என்றால் பூ. பெற்ற பிள்ளைக்கும் அதே சொல். ‘லெஹுவா’ ஒரு மரத்தின் பூ; அன்புக்குரியவர், போர்வீரர், ஒரு கலையில் கைதேர்ந்தவர் என எல்லாரையும் அந்தச் சொல்லால் குறிப்பார்கள். ஆகவே நிறத்தை விட்டுவிடுங்கள். எந்தத் தீவின் பூ, எந்தக் கதையின் பூ, எப்படிச் சூடுகிற பூ என்று கேளுங்கள்.

லெஹுவாவிலிருந்தே தொடங்கலாம். ஹவாய் என்ற பெயருடைய பெரிய தீவின் பூ அது. ஓஹியா மரத்தில் பூக்கும். எரிமலைக் குழம்பு ஓடி ஆறிய கரும்பாறையில் முதலில் வேர்விடும் மரங்களில் ஒன்று ஓஹியா. எரிமலைத் தெய்வம் பெலே, ஓஹியா என்ற இளைஞனை விரும்பினாள். லெஹுவாவைக் காதலித்த அவன் மறுத்தான். சினந்த பெலே அவனை முறுக்கிய மரமாக்கினாள். இரங்கிய தேவர்கள் லெஹுவாவை அந்த மரத்திலேயே பூவாக்கினார்கள். பூவைப் பறித்தால் காதலர் பிரிகிறார்கள், மழை வருகிறது என்பது நம்பிக்கை. இன்று அந்த மரத்துக்கு வேறொரு ஆபத்து. பட்டையில் பட்ட காயத்தின் வழியாகப் புகும் ஒரு பூஞ்சை ஓஹியாக் காடுகளைக் கொன்றுகொண்டிருக்கிறது. இதையெல்லாம் மனதில் வைத்து லெஹுவாவைக் குத்திக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள்.

வரைவதில் லெஹுவா பலரைக் கவிழ்த்துவிடும். அதன் சிவப்பு இதழில் இல்லை. இதழ்கள் மிகச் சிறியவை, பார்வைக்கே வராது. நாம் பார்க்கும் பவுடர் பஃப் போன்ற உருண்டை முழுவதும் மகரந்தத்தாள்கள். பல பூக்கள் ஒரு கொத்தாகச் சேர்ந்து அந்த உருண்டையைத் தருகின்றன. அதனால் அவுட்லைன் போட்டு உள்ளே நிறம் நிரப்பினால் அது லெஹுவா ஆகாது, கம்பளிப்பந்து ஆகிவிடும். நடுவிலிருந்து வெளியே ஊசியை வீசி எடுக்க வேண்டும்: தொடக்கத்தில் அழுத்தம், போகப்போகத் தளர்வு, முனையில் மஞ்சளாய் ஒரு புள்ளி. கோடு இழுக்கும் மூன்று ஊசி லைனர் போதும். இரண்டு கோடுகளுக்கு நடுவே குறைந்தது இரண்டு கோட்டின் அகலம் தோலை வெறுமையாக விடுங்கள். இங்க் வருடம் போகப்போகப் பக்கவாட்டில் பரவும். நெருக்கி இழுத்தவை பத்தாண்டில் ஒரே சிவப்புத் திட்டாக நிற்கும். ஐந்து சென்டிமீட்டருக்குக் கீழே லெஹுவா கேட்டால் மறுத்துவிடுவதே நல்லது. பூவோடு செந்நிறத் தளிர்மொட்டு இரண்டைச் சேர்த்தால் மரம் அடையாளம் தெரியும்.

இனிச் செம்பருத்தி. 1923-இல் ஹவாய் சட்டமன்றம் செம்பருத்தியைத் தன் பூவாக ஏற்றது. எந்தச் செம்பருத்தி என்று சொல்லவில்லை. 1988-இல்தான் அது அம்மண்ணுக்கே உரிய மஞ்சள் இனம் என்று திருத்தினார்கள். பெயர் மாவோ ஹவ் ஹெலே. ‘மஞ்சள் செம்பருத்தி’ என்று எழுதும்போது நம் மொழி கொஞ்சம் நெளிகிறது, என்ன செய்வது! காட்டில் இது அருகிப்போன செடி.

சீனச் செம்பருத்தியை மஞ்சளாக்கி ‘மாநில மலர்’ என்று கொடுப்பதுதான் இதில் நடக்கும் பெரிய பிழை. வேறுபாடு இரண்டு இடத்தில் தெரியும். நம் வீட்டுச் செம்பருத்தியில் மகரந்தத் தண்டு இதழ்களைத் தாண்டி நீட்டிக்கொண்டு நிற்கும். மாவோ ஹவ் ஹெலேயில் அது குட்டை, இதழ்க் கிண்ணத்துக்குள்ளேயே அடங்கிவிடும். இலையும் வேறு. வீட்டுச் செம்பருத்தியின் இலை பளபளப்பான முட்டை வடிவம். இதன் இலை விரல்விரலாகப் பிரிந்த மடல்களோடு, விளிம்பில் பற்களோடு இருக்கும். தண்டைக் குறுக்கி இலையை மாற்றினாலே பாதிப் பிழை போய்விடும்.

தண்டின் நுனியை நெருங்கிப் பாருங்கள். மகரந்தத்தாள்கள் ஒன்றாகக் கூடிய குழலின் வழியாகச் சூல்தண்டு வந்து, உச்சியில் ஐந்தாகப் பிரிந்து, ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு வெல்வெட் குமிழ். ஐந்துதான், நாலும் இல்லை, ஆறும் இல்லை. ஆறு சென்டிமீட்டருக்குக் குறைவான பூவில் இந்த ஐந்து குமிழும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அவ்வளவு சிறிதாகத்தான் வேண்டுமென்றால் மகரந்தப் புள்ளிகளில் பாதியைக் கழித்துவிடுங்கள், ஐந்து குமிழை மட்டும் விடாதீர்கள்.

ஈழத்தலரி எளிது என்று நினைக்கிறோம். ஐந்து இதழ், நடுவில் மஞ்சள், முடிந்தது. இரண்டு இடத்தில் சறுக்கும். முதலாவது, நடுவில் மகரந்தப் புள்ளி வைப்பது. ஈழத்தலரியின் மகரந்தம் குழாய்க்குள் மறைந்திருக்கும், வெளியே எதுவும் தெரியாது. இரண்டாவது, இதழ் அடுக்கு. ஒவ்வொரு இதழின் ஓர் ஓரம் அடுத்ததன் மேல் ஏறியிருக்கும், மறு ஓரம் முந்தியதன் கீழே போகும், காற்றாடி மாதிரி. மரத்திலுள்ள எல்லாப் பூவும் ஒரே திசையில்தான் சுழலும். செம்பருத்தியில் அப்படியில்லை, ஒரே செடியில் இடப்பக்கம் சுழல்வதும் உண்டு, வலப்பக்கம் சுழல்வதும் உண்டு. இதனால் என்ன வருகிறது? கொத்தாக ஐந்து பூ வரையும்போது வேலையைச் சுருக்க ஒரு பூவைக் கணினியில் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிப் போடுவார்கள். செம்பருத்தி என்றால் தப்பித்துக்கொள்ளலாம். ஈழத்தலரியில் அது உலகத்தில் இல்லாத மரம். திருப்பாதீர்கள், சுழற்றுங்கள்.

நவ்பக்கா பாதிப் பூ. ஐந்து மடலும் ஒரே பக்கம் விசிறியாக விரிந்திருக்க, மறுபக்கம் யாரோ கிழித்தெடுத்தது போலக் காலியாக இருக்கும். பிரிந்த காதலரில் ஒருவர் மலைக்கும் ஒருவர் கடற்கரைக்கும் போனதாகக் கதை. அதற்கேற்ப மலையில் ஓர் இனம், கரையில் ஓர் இனம். இணையர் இருவர் ஆளுக்கொரு பாதி குத்திக்கொள்ள இதைவிடப் பொருத்தமான பூ இல்லை. ஆனால் ஒரே படத்தை இருவருக்கும் போட்டுவிடக் கூடாது. கரை நவ்பக்காவுக்குத் தடித்த, சாறுள்ள கரண்டி இலை, வெள்ளைக் காய்; மலையினத்துக்கு மெல்லிய இலை, கருநீலக் காய். வாடிக்கையாளரே ‘மீதி இதழையும் போட்டு முழுசாக்குங்கள்’ என்பார். அங்கே அவரிடம் கதையைச் சொல்ல வேண்டியதுதான்.

பீக்காக்கே என்ற பூவின் பெயரைக் கேட்டால் அந்நியமாக இருக்கும். பூவைப் பார்த்தால் இங்கே ஒருவருக்கும் அறிமுகம் தேவைப்படாது. அது நம் மல்லிகை. ஹவாயின் கடைசி இளவரசிகளில் ஒருவரான கயுலானி, 1875-இல் பிறந்து 1899-இல் மறைந்தவர், ஹொனலுலுவின் வைக்கீக்கி பகுதியில் இருந்த தன் தோட்டத்தில் மயில்கள் வளர்த்தார். மல்லிகையும் அவருக்கு உயிர். மயிலுக்கான ஆங்கிலச் சொல் ஹவாய் நாக்கில் பீக்காக்கே ஆகி, பூவுக்கும் பெயராகிவிட்டது. மணப்பெண் பல சரமாக இதை அணிவார். இதில் நம் கை தானாகச் செய்யும் தவறு ஒன்று உண்டு. நாம் மல்லிகையைக் கட்டுகிறோம்: எதிரெதிராக மொட்டு வைத்து நாரால் முடிச்சு. அவர்கள் கோக்கிறார்கள்: மலராத மொட்டின் ஊடே நீள ஊசியை விட்டு, ஒன்றன் வால் மற்றதன் தலையில் முட்ட, முத்துமாலை போல. நம் முடிச்சை வரைந்தால் அது மதுரைச் சரம், லெய் ஆகாது. லெய் என்பதுதான் அவர்கள் மாலைக்குச் சொல்லும் பெயர்.

பாணிகளில் பழையதைச் சொல்லாமல் புதியதற்குப் போக முடியாது. காகவ் என்பது ஹவாயின் தொன்மையான பச்சைக் கலை. எலும்பிலோ தந்தத்திலோ செய்த மோலி என்னும் சீப்பை ஹஹவ் என்னும் கோலால் தட்டித் தட்டி, குக்குயிக் கொட்டையின் கரியைத் தோலுக்குள் இறக்குவார்கள். நம் பாட்டிமார் கையிலிருக்கும் பச்சையும் விளக்குக் கரிதான். கரியென்றால் கறுப்பு, தோலுக்கு அடியில் போனதும் நீலமும் பச்சையுமாகத் தெரிகிறது, பெயரும் அப்படியே வந்தது. காகவில் இயல்பான பூ வடிவம் கிடையாது. முக்கோணம், வரிசை, பட்டை எனக் கணக்கான வடிவங்கள். அவை குலத்துக்கும் வம்சத்துக்கும் உரியவை. 1820-இல் மிஷனரிகள் வந்த பிறகு இந்தக் கலை மங்கியது. அண்மைக் காலத்தில் சமோவாவின் பச்சைக் கலைஞர் சுலுவாப்பே பவுலோவிடம் கற்ற கெயோனே நூனெஸ் அதை மீட்டெடுத்தார். செம்பருத்தியைச் சுற்றிக் காகவ் பட்டை ஒன்றை இணையத்தில் பார்த்துச் சேர்ப்பது, அடுத்தவர் குடும்பப் பெயரை நம் முதுகில் எழுதிக்கொள்வதற்குச் சமம். இடத்தை நிரப்பத்தான் வேண்டுமென்றால் டி என்ற செடியின் இலையோ ஃபெர்னோ போடுங்கள்.

இன்றைய பூப் பச்சைக்கு வேர் அங்கே இல்லை. அது ஹொனலுலுவின் ஹோட்டல் ஸ்ட்ரீட் வட்டாரத்தில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்காலக் கடற்படையினர் வரிசையில் நின்ற தெரு. ‘செய்லர் ஜெர்ரி’ எனப்பட்ட நார்மன் காலின்ஸ் 1973-இல் மறையும்வரை ஹொனலுலுவில்தான் தொழில் செய்தார். தடித்த கறுப்பு அவுட்லைன், தாராளமான கறுப்பு ஷேடிங், சிவப்பு, மஞ்சள், பச்சை என்று எண்ணிச் சில நிறங்கள். பழசு என்று முகம் சுளிக்க வேண்டாம், நாற்பது வருடம் கழித்தும் பூ பூவாகத் தெரிவது இந்தப் பாணியில்தான். அலோஹா சட்டை எனப்படும் பூப்போட்ட ஹவாய்ச் சட்டையின் துணியிலிருந்து வந்தது இன்னொரு பாணி: பூ முழுவதும் ஒரே நிறம், நரம்புகள் தோலின் நிறத்திலேயே வெட்டுக்கோடுகளாக. எளிதாகத் தெரியும், ஆனால் விட்ட கோடு ஒன்றரை மில்லிமீட்டராவது இல்லையென்றால் நாளடைவில் மூடிக்கொள்ளும். வாட்டர்கலர் பாணிக்குக் கறுப்பு எலும்புக்கூடு இல்லை. நிறம் மங்கினால் மிஞ்சுவது காயத்தழும்பு மாதிரி ஒரு சாயல். ஒற்றை ஊசிக் கோட்டில் ஈழத்தலரி அழகு, லெஹுவா வேண்டாம்.

நம்மைப் போல, ஹவாய் மக்களைப் போல மாநிறத் தோலில் நிறம் வேறு கணக்கு. இங்க் இருப்பது தோலின் உள்ளடுக்கில், மெலனின் இருப்பது அதற்கு மேலே. பழுப்புக் கண்ணாடி வழியாகப் பார்ப்பது போலத்தான் தெரியும். எலுமிச்சை மஞ்சள் ஆறிய பிறகு காணாமல் போகும். சாமந்தி மஞ்சளுக்கு, அதற்கும் மேலே ஆரஞ்சுக்குப் போங்கள். வெள்ளை ஹைலைட்டை நம்பாதீர்கள், அந்த இடத்தில் தோலை விட்டுவைப்பது மேல். சிவப்பும் மெஜந்தாவும் நன்றாக நிற்கும், ஆனால் ஒவ்வாமை அதிகம் வருவதும் சிவப்பில்தான். முன்பு ஒவ்வாமை வந்தவர் என்றால் ஓரத்தில் சிறு புள்ளி வைத்துச் சில வாரம் பார்க்கலாம். காயத்தை மீறித் தடித்து வளரும் கீலாய்டு தழும்பு வருகிற உடம்பா என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

போடும் வரிசையில் கறுப்பு முதலில், பிறகு அடர் நிறம், மஞ்சள் கடைசி. மாற்றினால் கறுப்பைத் துடைக்கும் ஒவ்வொரு துடைப்பிலும் மஞ்சள் அழுக்காகும். ஆழம் ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர். கணுக்காலைச் சுற்றி லெய் கேட்பவர்கள் நிறைய. அங்கே தோல் மெல்லியது, ஊசி கொஞ்சம் ஆழம் போனாலும் கோட்டைச் சுற்றி நீலப் புகை படரும். படத்தைத் தோலில் பதிக்கும் ஸ்டென்சிலை, வாடிக்கையாளரை நிற்க வைத்து ஒட்டுங்கள். படுத்த நிலையில் வட்டமாக இருந்த பூ, எழுந்தால் முட்டையாகிவிடும். ஆறும்வரை இரண்டு மூன்று வாரம் கடல் குளியல் கூடாது. ஹவாய்ப் பூவைக் குத்திக்கொண்ட கையோடு கடற்கரைக்கு ஓடுகிறவர்கள்தான் அதிகம். திறந்த காயத்தில் கடல் நீர்க் கிருமி போனால் விளைவு மோசம்.

கடைசியாகக் காதுப் பின்புறம். ஹவாயில் வலக் காதோரம் பூ என்றால் தனியாள், இடக் காதோரம் என்றால் துணை உண்டு என்று வழக்கம். வாடிக்கையாளர் செல்ஃபியில் விரல் வைத்து ‘இந்தப் பக்கம்’ என்பார். பல போன்களில் முன்கேமரா இடவலத்தை மாற்றிக் காட்டும். அதனால் போனை வாங்கி வைத்துவிட்டு, தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்; தொட்ட காதில் பேனாவால் ஒரு புள்ளி வைத்த பிறகு ஸ்டென்சிலை நனையுங்கள்.